தகட்டின் தடிப்பும் நம்ம பிள்ளையின் தொழிலும்

தொழில் அறிவுப் பாடம்



சில மாதங்களுக்கு முன் கொழுந்து நிறுத்து முடிந்த நேரம் ஒரு தாய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு சான்றிதழ். மகன் வெல்டிங் படித்து முடித்தவர். வெளிநாட்டில் குழாய் வெல்டர் வேலை என்று ஒரு முகவர் சொல்ல, தன் தோட்டை அடகு வைத்துக் காசு கட்டியிருக்கிறார். கொழும்பில் நேர்முகப் பரீட்சை நடந்த இடத்தில் பதினெட்டு மில்லி மீற்றர் தடிப்புள்ள குழாயைக் கொடுத்து ஒட்டச் சொன்னார்களாம். பையன் தோற்றுப் போய்த் திரும்பி வந்துவிட்டான்.

"ஐயா, நல்ல பேப்பருன்னு தானே சொன்னாங்க. சீல் கூட இருக்கே. அப்புறம் எதுக்கு வேணாங்கிறாங்க?" என்று கேட்டார்.

சான்றிதழை விரித்துப் பார்த்தோம். அது பொய்ச் சான்றிதழ் அல்ல. பையன் நேர்மையாகப் படித்துத்தான் வாங்கியிருக்கிறான். ஆனால் அவன் பரீட்சை செய்த தகடு ஆறு மில்லி மீற்றர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "அதிகபட்சம் 12 மி.மீ." என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரியை வாசித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. முகவரும் சொல்லவில்லை.

கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, நாவலப்பிட்டி என்று கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்று எத்தனையோ பிள்ளைகள் வெல்டிங் கற்கிறார்கள். ஆகவே அந்த ஒரு வரியின் பொருளை இம்முறை பாடமாகப் படிப்போம். பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் வாசிக்க வேண்டும். காசு கட்டுவது நீங்கள்தானே.

1. சமையல் குறிப்பும் சமையற்காரரும்

வெல்டிங்கில் இரண்டு விதமான பரீட்சை உண்டு. முதலில் இதைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, முறைக்கு வைக்கும் பரீட்சை. எந்த இரும்பு, எந்தக் குச்சி, எவ்வளவு கரண்ட், எத்தனை அடுக்கு, முன்கூட்டிச் சூடாக்க வேண்டுமா என்றெல்லாம் எழுதி வைத்த தாளுக்குச் செய்முறைத் தாள் என்று பெயர். கம்பனிகளில் டபிள்யூ.பி.எஸ். என்பார்கள். அந்த முறைப்படி ஒரு துண்டை ஒட்டி, வெட்டி, இழுத்து, வளைத்துப் பார்த்து எழுதும் பதிவுக்கு பி.கியூ.ஆர். என்று பெயர்.

இரண்டாவது, ஆளுக்கு வைக்கும் பரீட்சை. எழுதிய முறைப்படி இவரால் சரியாக ஒட்ட முடியுமா என்று பார்ப்பது.

கோவில் திருவிழா அன்னதானத்தை நினைத்துப் பாருங்கள். சமையல் குறிப்பு சரியா என்பது ஒரு கேள்வி. சமைக்கிறவர் கைக்காரரா என்பது வேறு கேள்வி. குறிப்பு பிழை என்றால் எவ்வளவு கெட்டிக்காரர் சமைத்தாலும் சோறு குழைந்துவிடும். குறிப்பு சரியாக இருந்து ஆள் புதியவர் என்றாலும் அடிப்பிடிக்கும். பத்துப் பேருக்குச் சரியாக வந்த அளவை ஆயிரம் பேருக்கு அப்படியே பெருக்கிப் போட்டால் சரிவராது என்பதும் அனுபவசாலிகளுக்குத் தெரியும். வெல்டிங்கில் அந்த "எத்தனை பேருக்கு" என்ற கணக்குத்தான் தகட்டின் தடிப்பு.

2. தடிப்பு மாறினால் என்ன ஆகிறது?

நம்ம தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொள்வோம். கொல்லர் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார். சட்டென்று ஆறினால் விளிம்பு கடினமாகும், நன்றாக வெட்டும். ஆனால் அளவு மீறிக் கடினமானால் கல்லில் பட்டதும் சில்லாக உடையும். இரும்பு வேகமாக ஆறினால் கடினமாகும், கடினம் கூடினால் நொறுங்கும். இதுதான் அடிப்படை.

வெல்டிங் செய்யும்போது உருகிய இடத்தின் சூடு தகட்டுக்குள் ஓடுகிறது. மெல்லிய தகட்டில் சூடு பக்கவாட்டில் மட்டுமே ஓட முடியும். ஆகவே மெதுவாக ஆறும். தடித்த தகட்டில் பக்கவாட்டிலும் ஓடும், கீழ்நோக்கியும் ஓடும். தண்ணீரில் முக்காமலேயே அந்தத் தடித்த இரும்பு சூட்டை உறிஞ்சிவிடும். ஒட்டின் ஓரம் கவ்வாத்துக் கத்தியின் விளிம்பு மாதிரி கடினமாகிவிடும்.

இதோடு ஈரமும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. மழையிலும் மூடுபனியிலும் திறந்து கிடந்த குச்சி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்திலிருந்து பிரியும் ஐதரசன் வாயு இரும்புக்குள் புகுந்து, கடினமான இடத்தில் வெடிப்பை உண்டாக்கும். இந்த வெடிப்பு உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, சில வேளை ஓரிரு நாள் கழித்துக்கூட வரும். வேலை முடித்துக் கூலி வாங்கிப் போன பிறகு ஒட்டு பிளக்கும். அதனால்தான் 7018 போன்ற குச்சிகளைச் சூடான பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும் என்கிறார்கள். மலைநாட்டுப் பிள்ளைகள் இதை விசேஷமாக மனதில் வைக்க வேண்டும்.

மெல்லிய தகட்டில் இதற்கு எதிரான தொல்லை. தடித்த தகட்டுக்கு வைத்த கரண்டை வைத்தால் தகடு ஓட்டையாகிவிடும், நெளிந்துவிடும். ஆகவே "தடிப்பானதை ஒட்டினவனுக்கு மெல்லியது எம்மாத்திரம்" என்று சொல்வது பிழை. இரண்டு பக்கமும் எல்லை உண்டு.

3. எல்லையை யார் வைத்தார்கள்?

1905ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரொக்டன் என்ற ஊரில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையின் பொயிலர் வெடித்தது. 58 பேர் இறந்தார்கள். அந்தப் பொயிலர் வெல்டிங் செய்தது அல்ல, ஆணி அடித்து இணைத்தது. இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தது. இப்படியான விபத்துகளுக்குப் பிறகே அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் பொயிலர்களுக்கான விதிகளை எழுதியது. அவை 1915இல் வெளிவந்தன. சங்கத்தின் பெயரைச் சுருக்கி ஏ.எஸ்.எம்.ஈ. என்பார்கள். அந்த விதிநூலின் 9ஆம் பகுதி வெல்டிங் பரீட்சைகளுக்கு உரியது. வளைகுடா நாடுகளின் எண்ணெய், எரிவாயு வேலைகளில் பெரும்பாலும் கேட்கப்படுவது இதுதான். ஐ.எஸ்.ஓ. 15614 என்ற சர்வதேச நியமமும் உண்டு. அதிலும் தடிப்புக்கு எல்லை இருக்கிறது.

வெல்டிங் செய்த கப்பல்களும் பாடம் கற்பித்தன. 1943 ஜனவரி 16ஆம் திகதி அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், துறையில் சும்மா நின்ற "ஷெனெக்டடி" என்ற புதுக் கப்பல் பெரும் சத்தத்தோடு நடுவே பிளந்தது. புயலும் இல்லை, குண்டும் இல்லை. குளிரில் நொறுங்கும் இரும்பும் சரியில்லாத ஒட்டும் சேர்ந்து செய்த வேலை. மேலே பார்க்க ஒட்டு அழகாக இருந்தால் மட்டும் போதாது என்பதை உலகம் அன்று கண்டது.

நமக்கு அருகிலேயும் பார்க்கலாம். கண்டிக்குக் கிழக்கே 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணைக்கட்டு 1985இல் திறக்கப்பட்டது. அங்கே 210 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் வசதி இருக்கிறது. இப்படியான நீர்மின் நிலையங்களில் தண்ணீரைச் சுழலிக்குக் கொண்டுபோகும் பெரிய இரும்புக் குழாய்கள் தடித்த தகட்டில் செய்தவை. பத்து மீற்றர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்றிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும். நூறு மீற்றர் என்றால் பத்துக் கிலோ. அந்த அழுத்தத்தை இரவு பகலாகத் தாங்குவது ஒட்டுத்தான்.

நம்ம முன்னோர் பலர் வந்த திருச்சிராப்பள்ளியும் இன்று இந்தத் தொழிலுக்குப் பேர் போனது. திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் பொயிலர் தொழிற்சாலை 1960களில் தொடங்கியது. 1975இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் அமைந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் புதிதல்ல.

4. முறைக்குரிய தடிப்பு எல்லைகள்

இப்போது கணக்குக்கு வருவோம். ஏ.எஸ்.எம்.ஈ. விதியின்படி, பரீட்சைத் துண்டின் தடிப்பைப் பார்த்து, அந்த முறையில் எந்தத் தடிப்பிலிருந்து எந்தத் தடிப்பு வரை வேலை செய்யலாம் என்று தீர்மானிக்கிறார்கள். வழக்கமான வேலைகளுக்கு இது பொருந்தும். கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

அ. துண்டு 1.5 மி.மீ.க்குக் குறைவு: அதே தடிப்பிலிருந்து அதன் இரு மடங்கு வரை.

ஆ. துண்டு 1.5 முதல் 10 மி.மீ. வரை: 1.5 மி.மீ. முதல் துண்டின் இரு மடங்கு வரை.

இ. துண்டு 10 மி.மீ.க்குக் கூடியது, 38 மி.மீ.க்குக் குறைந்தது: 5 மி.மீ. முதல் துண்டின் இரு மடங்கு வரை.

ஈ. துண்டு 38 முதல் 150 மி.மீ. வரை: 5 மி.மீ. முதல் 200 மி.மீ. வரை.

சில உதாரணங்கள் பார்ப்போம். 8 மி.மீ. துண்டில் பரீட்சை செய்த முறை 1.5 முதல் 16 வரை செல்லும். 12 மி.மீ. துண்டு என்றால் 5 முதல் 24 வரை. 25 மி.மீ. துண்டு என்றால் 5 முதல் 50 வரை. 40 மி.மீ. துண்டு என்றால் 5 முதல் 200 வரை.

12 மி.மீ. துண்டுக்கு மேல் எல்லை கூடினாலும் கீழ் எல்லை 5 ஆக உயர்ந்துவிட்டதைக் கவனியுங்கள். ஆகவே அந்த முறையை வைத்து 3 மி.மீ. தகட்டை ஒட்ட அனுமதி இல்லை. அதற்கு வேறு பரீட்சை வேண்டும். மேலே சொன்ன மெல்லிய தகட்டின் தொல்லைதான் இதற்குக் காரணம்.

விதிவிலக்குகளும் உண்டு. ஒரே அடுக்கில் 13 மி.மீ.க்கு மேல் இரும்பை நிரப்பினால் இரு மடங்கு கிடைக்காது. துண்டின் தடிப்பைப் போல் 1.1 மடங்கு மட்டுமே. கடுங்குளிரில் வேலை செய்யும் பாத்திரங்களுக்குத் தாக்குச் சோதனை கேட்டால் கீழ் எல்லையும் மாறும். சாதாரண இரும்புக்குப் பரீட்சை செய்த முறையைத் துருப்பிடிக்காத உருக்குக்குப் பாவிக்கவும் முடியாது. அதற்கும் தனிப் பரீட்சை.

துண்டை எப்படிச் சோதிக்கிறார்கள்? ஒட்டிய துண்டிலிருந்து குறுக்காக ஆறு பட்டிகள் வெட்டுவார்கள். இரண்டை இயந்திரத்தில் இழுத்து அறுப்பார்கள். நான்கை "ப" வடிவத்தில் மடக்குவார்கள். மடக்கிய இடத்தில் 3 மி.மீ.க்குக் கூடிய வெடிப்புத் தெரிந்தால் தோல்வி. வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே கசடு இருந்தால் அது மடக்கும்போது வாய் திறந்துவிடும்.

5. இரண்டு விதமான வெல்டிங் கலந்தால்

குழாய் வேலையில் அடி அடுக்கை டிக் வெல்டிங்கிலும் மேல் அடுக்குகளைக் குச்சி வெல்டிங்கிலும் போடுவது வழக்கம். அப்போது தகட்டின் தடிப்பை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு விதத்திலும் எவ்வளவு இரும்பு நிரப்பினோம் என்றும் பார்க்க வேண்டும்.

12 மி.மீ. துண்டு ஒன்றில் டிக் 3 மி.மீ., குச்சி 9 மி.மீ. நிரப்பியதாக வைத்துக்கொள்வோம். தகட்டுக்கு 5 முதல் 24 வரை அனுமதி. நிரப்பும் இரும்பிலோ டிக்குக்கு 6 வரையும் குச்சிக்கு 18 வரையும் மட்டுமே. 24 மி.மீ. தகட்டு வேலை வந்தால் ஆறும் பதினெட்டும் சேர்ந்து சரியாக இருபத்து நான்கு. டிக்கில் 10 மி.மீ. நிரப்பிவிட்டு "தகடு எல்லைக்குள்தானே இருக்கு" என்று சொன்னால் பரிசோதகர் ஏற்கமாட்டார்.

6. ஆளுக்குரிய எல்லை

பையனின் சான்றிதழில் இருந்தது இந்தக் கணக்கு. வெல்டருக்குத் தாம் நிரப்பிய தடிப்பின் இரு மடங்கு வரை அனுமதி. ஆறு நிரப்பினால் பன்னிரண்டு. பதினெட்டு மி.மீ. குழாய் அந்த எல்லைக்கு வெளியே.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. 13 மி.மீ. அல்லது அதற்கு மேல், குறைந்தது மூன்று அடுக்காக நிரப்பிச் சித்தியடைந்தால் மேல் எல்லையே இல்லை. எவ்வளவு தடிப்பையும் ஒட்டலாம். ஆறு மி.மீ. தகட்டுக்கும் பதின்மூன்று மி.மீ. தகட்டுக்கும் இடையில் இரும்பின் விலையில் கொஞ்சம் வித்தியாசம்தான். பிள்ளையின் வாழ்க்கையில் அது பெரிய வித்தியாசம்.

குழாய்க்கு விட்டமும் கணக்கு. 73 மி.மீ.க்குக் கூடிய வெளிவிட்டத்தில் பரீட்சை செய்தவர் 73க்கு மேற்பட்ட குழாய்களையே ஒட்டலாம். 25 முதல் 73 வரையுள்ள குழாயில் செய்தவர் 25க்கு மேற்பட்டதெல்லாம் ஒட்டலாம்.

நிலையும் முக்கியம். 1ஜி என்றால் மேசைமேல் கிடத்தி ஒட்டுவது. 3ஜி நிறுத்தி ஒட்டுவது. 4ஜி தலைக்கு மேலே. 6ஜி என்றால் குழாயை 45 பாகை சாய்த்து அசையாமல் வைத்து, நாம் சுற்றி வந்து ஒட்டுவது. 6ஜி சித்தியடைந்தவருக்கு மற்ற நிலைகளும் கிடைக்கும்.

கடைசியாகக் காலம். ஆறு மாதம் அந்த விதமான வெல்டிங்கைச் செய்யாமல் இருந்தால் தகுதி முடிந்துவிடும். "2019இலே எடுத்த பேப்பர்" என்று டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தால் அது பழைய லொத்தர் சீட்டு மாதிரித்தான்.

7. என்.வி.கியூ. எங்கே நிற்கிறது?

நம் நாட்டில் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அமைந்தது. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்களைக் கொண்டது. தொழில் கைவினைக்கு 1 முதல் 4 வரை. கராஜில் வேலை செய்து பழகியவர்கள்கூட, தங்கள் கைத்திறனைக் காட்டி மதிப்பீடு செய்வித்து என்.வி.கியூ. பெற வழி இருக்கிறது. நைட்டாவிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களிலும் விசாரியுங்கள்.

என்.வி.கியூ. மிக அவசியமானது. ஆனால் அது வேறு, மேலே சொன்ன விதிப்படியான பரீட்சை வேறு. ஏ.எஸ்.எம்.ஈ. விதிப்படி ஒவ்வொரு கம்பனியும் தன் முறையையும் தன் வெல்டரையும் தானே சோதித்துப் பொறுப்பேற்க வேண்டும். ஆகவே எந்தச் சான்றிதழ் இருந்தாலும் வேலை கொடுப்பவர் மறுபடி பரீட்சை வைப்பார். அதற்குக் கோபிக்கக் கூடாது. "இந்தப் பேப்பர் இருந்தால் பரீட்சையே இல்லை" என்று ஒருவர் காசு கேட்டால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

8. பெற்றோர் கேட்க வேண்டியவை

பயிற்சிக்குக் காசு கட்டுமுன்:

- எத்தனை மி.மீ. தகட்டில் பழக்குவீர்கள்? 13 மி.மீ.க்கு மேல் பழக்குவீர்களா?
- குழாய் உண்டா? 6ஜி வரை உண்டா?
- ஒட்டியதை மடக்கிச் சோதித்துக் காட்டுவீர்களா?
- என்.வி.கியூ. எத்தனையாம் மட்டம் கிடைக்கும்?

வெளிநாட்டு வேலைக்குக் காசு கட்டுமுன்:

- வேலையில் வரும் இரும்பின் தடிப்பு என்ன? குழாயா, தகடா?
- பிள்ளையின் சான்றிதழில் உள்ள எல்லைக்குள் அது வருகிறதா?
- முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டுப் பார்த்தோமா?
- கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு உண்டா?

இன்னுமொரு விஷயம். பொயிலர் உள்ள ஃபெக்டரிகளில் வேலை செய்வோர் கவனிக்கவும். பொயிலரைத் தகுதியான பரிசோதகர் பார்க்க வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு. கேற்றும் ஜன்னல் கம்பியும் ஒட்டுகிறவரைக் கூட்டிவந்து பொயிலரின் ஓட்டையை அடைக்கச் சொல்வது உயிரோடு விளையாட்டு. அப்படி நடந்தால் "செய்முறைத் தாள் எங்கே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் நீங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

9. பயிற்சிக் கேள்விகள்

1) 10 மி.மீ. துண்டில் சோதித்த முறையில் 18 மி.மீ. தகட்டை ஒட்டலாமா?
2) 16 மி.மீ. துண்டில் சோதித்த முறையில் 4 மி.மீ. தகட்டை ஒட்டலாமா?
3) 5 மி.மீ. நிரப்பிச் சித்தியடைந்த வெல்டர் எவ்வளவு வரை நிரப்பலாம்?
4) 14 மி.மீ. ஐந்து அடுக்காக நிரப்பிச் சித்தியடைந்தவர்?

விடைகள்: 1) ஆம், எல்லை 1.5 முதல் 20 வரை. 2) இல்லை, எல்லை 5 முதல் 32 வரை. 3) 10 மி.மீ. வரை. 4) மேல் எல்லை இல்லை.

இன்றிரவு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி இதைச் செய்து பாருங்கள். பிள்ளையிடம் சான்றிதழ் இருந்தால் எடுத்து வைத்து எண்களை வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.

அந்தத் தாயின் மகன் மனம் விடவில்லை. ஒரு வேலைத்தளத்தில் உதவியாளாகச் சேர்ந்து, மீதியாகும் தடித்த துண்டுகளில் மாலை வேளைகளில் பழகினான். பிறகு தடித்த தகட்டில் மறுபடி பரீட்சை எழுதிச் சித்தியடைந்து இப்போது கொழும்புப் பக்கம் வேலை செய்கிறான். மாதா மாதம் வீட்டுக்குக் காசு வருகிறது. ஆனால் அம்மாவின் தோடு இன்னும் அடகுக் கடையிலிருந்து மீளவில்லை. சான்றிதழின் அந்தச் சின்ன வரியைக் காசு கட்டுமுன் யாராவது வாசித்துச் சொல்லியிருந்தால் அந்தத் தோடு இன்று அவர் காதிலேயே இருந்திருக்கும்.

அடுத்த வீட்டுக்காரருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.